மழையில் இளகிய தோல்வார்

அம்மா, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக எதையும் கூட்ட மாட்டேன். எனக்குக் கோபம் வந்த இடத்தை மறைக்கவும் மாட்டேன்.

இன்று பின்னேரம் அப்பா மாடிப்படிக்குக் கீழுள்ள அலமாரியைத் திறந்ததும் ஆளிவிதை எண்ணெய் மணந்தது. உங்கள் பழைய மர மட்டைக்கு நீங்கள் பூசுகிற எண்ணெய். அலமாரியில் கிடந்த கல்லூரி மட்டைகளைத் திருப்பிக் கொடுக்கத்தான் அப்பாவும் நானும் ரெய்னர்ஸ் லேன் வீட்டிலிருந்து கல்லூரி மைதானத்துக்குக் காரில் வந்தோம். பயிற்சி முடியும்வரை மைதானத்தோர பெஞ்சில் இருந்து இதை எழுதுகிறேன்.

பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, அம்மா என்ன வேலை என்று யாராவது கேட்டால் நான்தான் விளக்குவேன். லக்ரோஸ் என்று ஓர் ஆட்டம், மட்டையின் நுனியில் வலைப்பை இருக்கும், அதில் பந்தை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும், அம்மா கல்லூரிப் பெண்களின் பயிற்சியாளர் என்பேன். அவர்களுக்குப் பாதிதான் விளங்கும். ஈப்போவிலிருந்து பெரிய மாமா ஃபோன் எடுக்கும்போதெல்லாம், "கணக்குப் படிக்கப் போயி அங்க வலை போட்டு மீன் பிடிக்கிறியா லா?" என்று கேட்பார். "ஆமாண்ணே, இன்னும் ஒண்ணும் மாட்டல" என்பீர்கள்.

மாமாவின் கேலியில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. மாணவியாக வந்து கையிலெடுத்த மட்டையை நீங்கள் கீழே வைக்கவேயில்லை. ஆனால் கல்லூரி உங்களை மணிநேரக் கூலிப் பயிற்சியாளராகவே வைத்திருந்தது. பகலில் கணக்கர் அலுவலகம், மாலையில் மைதானம். அணி மேல் பிரிவுக்குப் போனால் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று கடைசியில் சொன்னார்கள். அலுவலகத்தை விட்டுவிடலாம் என்று நீங்கள் சமையலறையில் பாடிக்கொண்டு திரிந்தீர்கள். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால் போதும்.

அன்று முழுக்க மழை. நானும் அப்பாவும் ஒரே குடையின் கீழ் நின்றோம். சமநிலையில் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில், முடியும் நேரத்தில் அணித்தலைவி பெத்தன் கோல் அடித்தாள். அப்பா குடையைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். நீங்கள் கைதட்டவில்லை. பெத்தனின் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு நடுவரிடம் நடந்து போனீர்கள்.

நடுவர் விசில் ஊதினார். விசில் கேட்டால் நின்ற இடத்திலேயே நிற்பது பெண்கள் ஆட்டத்தின் விதி. இரண்டு அணியும் மழையில் அசையாமல் நின்றன. நடுவர் பெத்தனின் மட்டையை வாங்கி, வலைப்பையில் பந்தை வைத்துக் கண்மட்டத்துக்கு உயர்த்தினார். பந்தின் மேற்பகுதி மட்டையின் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். தெரியவில்லை. வலைப்பையைத் தாங்க முதல்நாள் நீங்கள் கட்டிக் கொடுத்த தோல்வார்கள் மழையில் ஊறி இளகி, பை ஆழமாகியிருந்தது. ஆழமான பையிலிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பது எதிரணிக்குக் கஷ்டம். கோல் செல்லாது என்றார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

காரில் ஏறியதும் அப்பா நனைந்த குடையைக் காலடியில் போட்டார். பிறகு, "அவையள் ஒருத்தரும் கேக்கேல்லையே. நீர் ஏன் போய்ச் சொன்னனீர்?" என்றார்.

"கட்டினது நான். மழைக்கு எளகும்னு எனக்குத் தெரியும்ல. இன்னும் இறுக்கியிருக்கணும்."

"அப்ப அந்த வேலை?"

நீங்கள் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தீர்கள். எனக்கு அப்பா கேட்டதுதான் நியாயமாகப் பட்டது. அன்றிரவு உங்களுக்கு முத்தம் தராமல் படுத்தேன்.

கல்லூரி மனம் மாறி உங்களுக்கு வேலை கொடுத்தது என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. கொடுக்கவில்லை. அடுத்த பருவமும் அலுவலகம் முடிந்து ஓடிப்போய்ப் பயிற்சி கொடுத்தீர்கள். அதற்கடுத்த பருவம் தொடங்கியபோது நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். அங்கிருந்து வீடு திரும்பவில்லை.

இப்போது பெத்தன்தான் இங்கே பயிற்சியாளர். மட்டைகளைக் கொடுக்கும்போது, அன்றைக்கு அம்மாவோடு கோபமா என்று கேட்டேன். கோபம்தான் என்றாள். கொஞ்ச நாள் பேசவே இல்லையாம். பிறகு புதுத் தோல்வாரை எடுத்துக்கொண்டு உங்களிடமே வந்து நின்றாளாம். வேறு யார் கட்டினாலும் நம்பி ஆட முடியவில்லை என்றாள். சொல்லிக்கொண்டே ஒரு மட்டையை எடுத்து, மழைக்கு இளகும் அளவையும் சேர்த்து இழுத்து முடிந்தாள். நீங்கள் முடிகிற மாதிரியே, பல்லால் கடித்து.

மர மட்டையை மட்டும் நான் கொடுக்கவில்லை. என் மடியில் இருக்கிறது.

பயிற்சி முடிந்ததும் இங்கே சொல்லாமல் விளக்கை அணைத்துவிடுவார்கள். இருட்டில் யாரும் தடுக்கி விழாமலிருக்க நீங்கள் வைத்த வழக்கம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் காத்திருந்தேன். இருக்கிறது, அம்மா. இருட்டியதும், விசில் கேட்டதுபோல், கண் பழகும்வரை எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். நானும் எழுந்து நிற்கிறேன். எழுத்து தெரியவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.