பழைய படப் பாட்டு என்று நான் சொன்ன பொய்

அடியே,

உன் கிட்டார் பையை முந்தாநாள் காலையில்தான் திறந்தேன். பதினொரு மாதமாக அது எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்தது. உன் அம்மா கொண்டுவந்து தந்தபோது வாங்கி வைத்ததோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸிப்பை இழுத்ததும் தைல வாசனை குப்பென்று வந்தது. பஸ்ஸில் ஏறினாலே உனக்குத் தலை சுற்றும். ஓப்பநாயக்கவிலிருந்து பலாங்கொடை போய்ச் சேர்வதற்குள் நெற்றியில் நாலு தரம் தைலம் தேய்ப்பாய். அதே கையோடு கம்பியைப் பிடிப்பாய். உன் கிட்டாரே காய்ச்சல்காரி மாதிரி மணக்கும் என்று நான் கேலி செய்வேன். முந்தாநாள் சிரிப்பு வரவில்லை.

ஏன் திறந்தாய் என்று கேட்பாய். பலாங்கொடையில் நேற்று பின்னேரம் ஒரு நிகழ்ச்சி. இந்தப் பக்கத்து ஆட்கள், தமிழோ சிங்களமோ, சொந்தமாக எழுதிய பாட்டை மட்டும் பாட வேண்டும். நீ இருந்திருந்தால் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்திருப்பாய். நான் மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் படிவத்தை நிரப்பினேன். பாட்டின் பெயரை எழுதினேன். என் பெயரை எழுதினேன். 'பாடல் எழுதியவர்' என்று இருந்த கோட்டில் மட்டும் ஒன்றும் எழுதாமல் கொடுத்துவிட்டு வந்தேன். திட்டாதே. இன்னும் கேள்.

எல்லாம் அந்தக் கல்யாண வீட்டில் வந்த வினை. நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், லயத்து வீட்டு வாசலில் பந்தல், மழைத் தூறல், நாலு பேர் கொண்ட நம் மியூசிக் குரூப். ஏழு வருடம் ஆகிறது. எட்டுப் படப் பாட்டு முடிந்ததும் நீ முழங்கையால் என் விலாவில் இடித்து, "இப்ப நம்ம பாட்டு" என்றாய். சொந்தப் பாட்டு என்று சொன்னால் சனம் எழும்பிச் சாப்பாட்டுப் பந்திக்குப் போகும். இல்லாவிட்டால் துண்டுக் கடதாசியில் வேறு பாட்டுக் கேட்டு அனுப்பும். அதைக்கூடத் தாங்கலாம். பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கிறவளுக்குப் பாட்டெல்லாம் எழுத வருமா என்று யாராவது கேட்டுவிட்டால்? மைக்கைப் பிடித்து, "அடுத்து வர்றது ஒரு பழைய படப் பாட்டு" என்று சொல்லிவிட்டேன்.

பெரட்டுக் களத்துல பேரு கூப்பிடுறாங்க,
பனியில நின்ன அம்மா ஆமாங்கன்னு சொல்றாங்க.

எந்த சினிமாவில் பெரட்டுக் களம் வந்தது? விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களைக் கூட்டிவைத்துப் பெயர் கூப்பிடுகிற இடத்தை எந்த நடிகை கண்டாள்? ஒருவர்கூட யோசிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள், இன்னொரு தரம் பாடச் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மாமா வந்து, "அந்தப் படத்த நான் ரத்தினபுரியில பாத்தேன் புள்ள, சம்சாரத்தோட போயிருந்தேன்" என்றார். நான் தலையை வேறு ஆட்டினேன்.

திரும்பி வருகிற லொறியில் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பெரிய வளைவு தாண்டியதும் சிரிப்பை நிறுத்தினாய். "சிரிக்கிற விசயம் இல்லடி இது. நம்ம புள்ளைய நீயே வேற வீட்டுப் புள்ளைன்னு சொல்லிட்ட" என்றாய். அடுத்த தடவை சரியாகச் சொல்கிறேன் என்றேன். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் துண்டு வந்தது: 'அந்தப் பழைய பெரட்டுக் களப் பாட்டைப் பாடவும்.' பாடினோம். சனத்துக்குப் பாட்டுப் பிடித்திருக்கிறது என்ற சந்தோசம் ஒரு பக்கம், மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் ஒரு பக்கம். வருடம் போகப் போக உண்மையைச் சொல்வதுதான் பொய் மாதிரி ஆகிவிட்டது.

நீ எனக்குச் சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போ, பிளக் எங்கே இருக்கிறது என்று பார், மைக் செட்காரரோடு சிநேகமாக இரு என்பாய். பத்துப் படப் பாட்டுக்கு நடுவில் ஒன்று நம்முடையதாக இருக்க வேண்டும் என்பாய். பிள்ளைக் காம்பரா வேலையை விட்டுவிடட்டுமா என்று நான் ஒரு நாள் வீறாப்பாகக் கேட்டேன். "பைத்தியமாடி உனக்கு? அந்தச் சம்பளம் வர்றதாலதான் புடிக்காத மேடைக்கு வரமாட்டோம்னு நம்மளால சொல்ல முடியுது" என்றாய். எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றைத் தவிர. "பயந்துகிட்டே சொல்லு. பயம் போனப்புறம் சொல்லலாம்னு நின்னா கல்லறையிலதான் சொல்லணும்" என்றாயே, அதைக் கேட்கவில்லை. கல்லறைக்கு நீ முந்திக்கொண்டாய். எலிக்காய்ச்சல் என்றார்கள். ஐந்து நாள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்து, "வந்ததும் அந்தப் பெரட்டுப் பாட்டு ரெக்கோட்ட நெட்டுல போட்டுருவோம்" என்றாய். சரி சரி, முதலில் கஞ்சியைக் குடி என்று நான் வைத்துவிட்டேன். அதுதான் உன்னிடம் கடைசியாகப் பேசியது. இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

போன மாதம் இன்னொன்று நடந்தது. வேறு ஊர்க் குரூப்பில் பாடுகிற ஒருவர் நம் பாட்டைப் பாடி நெட்டில் போட்டுவிட்டார். 'மறந்துபோன பழைய பாடல், எழுதியவர் தெரியவில்லை' என்று கீழே எழுதியிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? நான் ஊரெல்லாம் சொன்னதைத்தான் அவர் எழுதியிருக்கிறார். எழுதியவர் இவராக இருக்கும், அவராக இருக்கும் என்று சனம் செத்துப்போன ஆட்களின் பெயர்களாகப் போட்டுக்கொண்டிருந்தது. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு ஒவ்வொன்றாக வாசித்தேன். இனிமேல் நான் போய் என் பாட்டு என்றால் யார் நம்புவார்கள்? அந்தப் பாட்டு பிறந்ததைப் பார்த்த ஒரே ஆள் நீ. சாட்சி சொல்ல வேண்டிய நேரத்தில் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாய் என்று உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

அப்போதுதான் அந்த ரெக்கோட் ஞாபகம் வந்தது. பலாங்கொடையில் போன் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், நம் நானா, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது கடையை நம்மிடம் விட்டுப் போனாரே. "நான் ஜும்ஆ முடிஞ்சி வாரத்துக்குள்ள பாடி முடிச்சிருங்க. அந்த நேரம்தான் ரோட்டுல சத்தம் இல்ல" என்றார். ரோட்டில் சத்தம் இல்லை, மழைதான் தகரத்தில் கொட்டியது. எந்தப் பாட்டைப் பதிந்தாலும் முதலில் யார் எழுதியது, யார் மெட்டுப் போட்டது என்று வாயால் சொல்லிவிட வேண்டும் என்பது உன் சட்டம். அன்றைக்கு என் பெயரையும் நீதான் சொன்னாய் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். அதைப் பதிந்த மெமரி கார்ட் உன் கிட்டார் பையின் சின்னப் பொக்கட்டில், தைலப் போத்தலோடு இருந்தது. முந்தாநாள் எடுத்தேன். கேட்கவில்லை. உன் குரலைக் கேட்கப் பயம்.

நேற்று ஒரு மணித்தியாலம் முந்தியே போனேன். பிளக் இருக்கிற இடத்தைப் பார்த்தேன். மைக் செட்காரரிடம் சிங்களத்தில் நாலு வார்த்தை பேசினேன். நீ பழக்கிய மூன்று கிட்டார் கோர்ட்டையும் ஒரு மூலையில் நின்று பிடித்துப் பார்த்தேன். விரல் வியர்த்து வழுக்கியது. பெயர் பதிகிற பிள்ளை படிவத்தோடு வந்தாள். இருபது வயது இருக்கும், நல்ல முகம்.

"அக்கா, இது பழைய படப் பாட்டுதானே? எங்க மாமா கல்யாணத்துலகூட பாடுனாங்க. நாங்க சொந்தப் பாட்டு மட்டும்தான் எடுக்கிறோம். எழுதினவங்க பேரும் போடாம இருக்கீங்க."

போய்விடலாம் என்றுதான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பையைத் தோளில் போட்டுக் கதவுப் பக்கம் பார்த்தேன். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டிவிட்டுக் கார்ட்டைப் போனில் போட்டேன். எனக்காக நீ சொல்லிவிடுவாய், நான் சும்மா நின்றால் போதும் என்று நினைத்தேன்.

முதலில் மழை. பிறகு நீ தொண்டையைச் செருமினாய். பதினொரு மாதத்துக்குப் பிறகு உன் தொண்டை. உன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பெரட்டில் சொல்கிற மாதிரிக் கணீரென்று சொன்னாய். "மெட்டு போட்டது நான். பாட்டு எழுதினது யாரு? சொல்லுடி."

மழை.

"சொல்லேன்டி. பெரட்டுல பேரு கூப்பிட்டா உங்கம்மா வாய மூடிக்கிட்டா நிக்கிறாங்க?"

திரும்பவும் மழைதான். எவ்வளவு நேரம் என்று நினைக்கிறாய்? உனக்குத் தெரியும், நீதானே காத்திருந்தாய். அன்றைக்கு நானாவின் கடையில் நான் தலையை ஆட்டி மாட்டேன் என்று நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீ என் பெயரைச் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம், சொல்லாமல் எனக்காக அந்த இடத்தைக் காலியாக விட்டுவைத்திருந்தாய். அந்தப் பிள்ளை போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்தான்" என்றேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் எழுதின பாட்டு. என் பேரு ஜெசிந்தா. படப் பாட்டுன்னு அன்னைக்கு நான்தான் பொய் சொன்னேன்."

போனில் நீ சிரித்துவிட்டுக் கிட்டாரை வாசிக்கத் தொடங்கினாய். அந்தப் பிள்ளை பேனையை எடுத்தாள். காலியாக இருந்த கோட்டில் என் பெயரை எழுதினாள். "மெட்டு போட்ட அக்கா பேரையும் சொல்லுங்க, போட்டுக்கிறேன்" என்றாள். சொன்னேன். "சரி அக்கா, ஆறாவதா உங்கள கூப்பிடுவேன்."

மேடையிலும் அதையே சொன்னேன், பாடுவதற்கு முன்னால். முதல் வரியில் குரல் பிசிறியது. ஒரு கோர்ட் தப்பாக விழுந்தது. பாட்டு முடிந்து இறங்கும்போது ஒரு பெரியவர் வழியை மறித்தார். நம்முடைய வெள்ளைச் சட்டை மாமா இல்லை, வேறொருவர். "இல்ல புள்ள, இது படத்துல வந்த பாட்டு. எனக்கு நல்லா தெரியும்" என்றார். "இல்லீங்க ஐயா, என் பாட்டுங்க" என்றேன். அவர் நம்பவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனார். இனிமேல் நெட்டிலும் அப்படித்தான் ஆட்டுவார்கள். அந்தப் பாடகருக்கு இன்று காலையில் எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. போன் சத்தம் போட்டாலே பகீர் என்கிறது.

பயம் போகும் என்று நினைத்தேன், போகவில்லையடி. வருகிற ஞாயிற்றுக்கிழமை கலவானயில் பாடக் கேட்டிருக்கிறார்கள். அங்கேயும் யாராவது எழும்பி, எந்தப் படம் என்று கேட்பார்கள். உன் தைலப் போத்தலில் இன்னும் பாதி இருக்கிறது. எனக்குத் தலை சுற்றுவதில்லை, ஆனாலும் கொண்டுபோவேன். பஸ்ஸில் நெற்றியில் ஒரு தரம் தேய்த்துக்கொள்வேன். மூன்று கோர்ட் இருக்கிறது. மழைக்கு நடுவில் நீ கேட்ட கேள்வி இருக்கிறது. என் பெயரைக் கூப்பிடுவார்கள்.

ஆமாங்க என்பேன்.