மெசின் இழுத்த சாம்பிராணி

19-8-1988, வெள்ளி

இந்த வாரம் அவருக்கு ராத்திரி வேலை. பகல்லதான் மூக்கு மூடியை மாட்டிக்கிட்டு மெசினோட தூங்குறார். தூக்கத்துல மூச்சு நின்னுபோற ஆளுக்கு அது காத்தை ஊதிக்கிட்டே இருக்கும். ஆஸ்திரேலியாவுல இருக்கிற அவர் தங்கச்சி அனுப்பினது.

சாயங்காலம் விளக்கேத்தி சாம்பிராணி போட்டேன். வீடெல்லாம் காட்டிட்டு, அவர் கட்டிலையும் மூணு சுத்து சுத்தினேன். மெசின் காத்து இழுக்கிற பக்கமே நின்னிருக்கேன். அங்க வெச்சிருக்கிற பில்டர் பஞ்சு தூசியைத்தான் தடுக்குமாம், புகையைத் தடுக்காதாம். எனக்கு எங்க தெரியும்?

இருமிக்கிட்டே எழுந்து மூடியைப் பிடுங்கிப் போட்டார்.

"ஏன் புள்ள, ஆளைக் கொல்லப் பாக்குறியா? போதும்லா உன் சாமி!"

சாப்பிடாமலே தேயிலை பேக்டரிக்குப் போயிட்டார்.

பஞ்சைக் கழுவினேன். மூணு தண்ணி மாத்தியும் வாசம் போகல. வெளிய பனி. கொடியில ஈரமாவே கிடக்கு. காலையில அவர் வர்றதுக்குள்ள காயணும்.

கட்டிலைச் சுத்தும்போது என்ன வேண்டிக்கிட்டேன்னு அவர் கேக்கல. நானும் சொல்லல.

இந்த மூச்சு நிக்கக் கூடாதுன்னுதான் வேண்டினேன்.