அறிக்கையின் கடைசி வரி

ஜனவரி 10, சனி

இந்த நேர்காணல் பருவத்தின் முதல் பையன் இன்று வந்தான். நூலகத்து மாடியறையில் முக்கால் மணி நேரம் பேசினோம். கைகுலுக்கும்போதே தெரிந்துவிட்டது, யாரோ பழக்கிவிட்ட கை. உன்னிடம் உனக்கே பிடிக்காதது என்ன என்று கேட்டேன். அளவுக்கு மீறி உழைப்பதாம். சொல்லிவிட்டு வெட்கம் வேறு பட்டான். அந்த வெட்கத்துக்கும் ஒத்திகை பார்த்திருக்கிறான். பதினேழு வயதில் இப்படியா?

ஆனாலும் வழக்கப்படி ஹாட் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். 1989 ஜனவரியில் என்னை நேர்காணல் செய்த லாத்ரப் ஐயா எனக்கு வாங்கிக் கொடுத்தாரே, அதற்காக. மீன் வெட்டுகிறவரின் மகளை எதிரே உட்காரவைத்து, பெரிய மனுஷியிடம் பேசுவதுபோல் பேசிய மனிதர். அவரை நினைத்துத்தான் பத்தொன்பது வருஷமாகப் பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கூலியில்லா வேலை செய்கிறேன். எங்கள் துறைமுக ஊர் நியூ பெட்ஃபர்டிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பேசி, ஆளுக்கு ஒரு பக்கம் அறிக்கை.

ஜனவரி 14, புதன்

என் மருந்துக்கடைக் கவுண்டரில் நாள் முழுக்க இருமல்காரர்கள்தான். கல்லூரி அறைத்தோழி ப்ரூடன்ஸ் கூப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் நம்மைச் சேர்த்துக்கொண்டபோது எழுதிய கோப்பைக் கேட்டால் அனுப்பிவைக்கிறார்களாம். எல்லாரும் வாங்கிப் படித்துச் சிரிக்கிறார்களாம். நானும் கேட்டு எழுதிப்போட்டேன். லாத்ரப் ஐயா என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று ஒருதரம் பார்க்கவேண்டும்.

ஜனவரி 18, ஞாயிறு

விட் டன்ஹம் வீட்டில் கூட்டம். இந்த வட்டாரத்து நேர்காணல்களுக்கு அவர்தான் தலைவர், வக்கீல். தனியார் பள்ளிப் பிள்ளைகளைத் தன் வீட்டு வரவேற்பறையில் தானே பார்த்துக்கொள்வார். அரசுப் பள்ளி எல்லாம் என் தலையில். பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டே ஒருத்தர் சொன்னார்: "இந்தப் பிள்ளையோட ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல நான் இருப்பேனா? அதைத்தான் என்னையே கேட்டுக்குவேன்." எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஆளோடு நான் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்ததே பெரிய விஷயம்.

ஜனவரி 24, சனி

இன்று வந்தவள் சுல்மிரா பாரோஸ். கேப் வெர்டித் தீவுகளிலிருந்து வந்த குடும்பம். அம்மா மீன் ஆலையில் இருக்கிறாள், இவளும் வாரக்கடைசியில் அங்கேதான் வேலை. ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அந்த வாடை எனக்குப் பழகியது, எங்கள் வீட்டு வாடை.

ஹாட் சாக்லேட் வேண்டாம் என்றாள். "எனக்கு இனிப்பு ஆகாது, மிஸ் ஃபுர்ட்டாடோ." இத்தனை வருஷத்தில் வேண்டாம் என்று சொன்ன முதல் பிள்ளை!

குளிர் அறையில் மணிக்கொருதரம் வெப்பநிலையைக் குறித்துவைக்க வேண்டுமாம். ஒரு வாரத்துக்கு உண்டானதை ஒரே நாளில் ஒருவன் உட்கார்ந்து எழுதுவதைப் பார்த்திருக்கிறாள். மேற்பார்வையாளனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பலன், ஒரு மாதம் மீன் குடல் தொட்டி கழுவும் வேலை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றியதா என்று கேட்டேன்.

"அதை மனுஷங்க சாப்பிடுறாங்க. தெரிஞ்சும் எப்படிப் பேசாம இருக்கிறது?"

அவ்வளவுதான். சிரிக்கவும் இல்லை, என் முகத்தைப் பார்த்து அளக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்தும் மனசு நிறைந்தே இருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

அறிக்கை அனுப்பிவிட்டேன். குளிர் அறைக் கதையை அப்படியே எழுதினேன். கடைசியில், "வாய்ப்புக் கொடுத்தால் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு இருப்பாள்" என்று முடித்தேன். மதிப்பெண் ஒன்பதுக்கு ஒன்பது.

ஜனவரி 29, வியாழன்

விட் கூப்பிட்டார். அறிக்கை பிரமாதமாம். "குளிர் அறைக் கதைதான் கொஞ்சம் உறுத்துச்சு ஓடெட். சண்டைக்காரின்னு நினைச்சிருப்பாங்க. நல்லவேளை, கடைசி வரியில சமாதானப்படுத்திட்ட. அந்த வரிதான் இவளை உள்ள கொண்டுபோகும்."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். சாப்பிடும்போதும் ஏதோ முள் மாட்டினதுபோல இருந்தது.

பிப்ரவரி 21, சனி

கோப்பு வந்துவிட்டது. லாத்ரப் ஐயாவின் கையெழுத்து அழகு. ஒரு பக்கம்.

"தகப்பன் மீன் வெட்டுபவன். ஆயினும் பெண் சுத்தமாக இருக்கிறாள், வாடை இல்லை. பல் வரிசை சரியில்லை. பெரிய அறிவாளி என்று சொல்வதற்கில்லை. பணிவு உண்டு. ஒரு கோப்பை சாக்லேட்டுக்கே கண் கலங்கினாள். இத்தகைய பெண்கள் வாழ்நாள் முழுவதும் நன்றியோடு இருப்பார்கள். பிற்காலத்தில் நமக்கு உபயோகப்படுவார்கள்."

நாக்கு சுட்டுடுச்சுய்யா! அதுக்குத்தான் கண்ணு கலங்குச்சு!

முகர்ந்து பார்த்திருக்கான். எதிர்ல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டே முகர்ந்து பார்த்திருக்கான். இந்த ஆளோட பேரை என் பொண்ணுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேனே. சீ.

மணி நாலு. கொஞ்சம் ஆறியதும் கணினியைத் திறந்து என் பழைய அறிக்கைகளை எல்லாம் பார்த்தேன். யார் யாருக்கு அந்த "நன்றி" வரி எழுதியிருக்கிறேன்? வீடு துடைக்கிறவளின் மகன். மீன் வெட்டுகிறவளின் மகள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவரின் இரட்டைப் பிள்ளைகள். போன மாதம் சுல்மிரா. ஒரு டாக்டர் மகனுக்கு? வக்கீல் மகளுக்கு? ஒருத்தருக்குக்கூட இல்லை. அவர்கள் எதற்கு நன்றி சொல்லவேண்டும், அது அவர்கள் வீட்டு இடமாயிற்றே.

சுல்மிரா நன்றி என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. நானாகச் சேர்த்தது. அவன் எழுதினதை அவன் பேரைக்கூடப் போடாமல் முப்பத்தேழு வருஷம் கழித்து நான் எழுதியிருக்கிறேன். உபயோகப்பட்டிருக்கிறேன், சரிதானே?

என்னைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 22, ஞாயிறு

விட்டைக் கூப்பிட்டு அந்த வரியை எடுக்கவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். லாத்ரப் எழுதினதைப் படித்துக் காட்டினேன். அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் எழுதுவார்கள், ஆனாலும் உன்னைச் சேர்த்துவிட்டார் அல்லவா என்றார்.

"எடுக்கணும்னா எடுக்கலாம். ஆனா கமிட்டி உக்காரப் போற நேரத்துல திருத்தினா, நீயே பின்வாங்குறன்னு நினைப்பாங்க. வெறும் சண்டைக்காரி கதைதான் மிஞ்சும். உன் மனசு சுத்தமாகறதுக்கு அந்தப் பொண்ணு இடத்தைக் கொடுக்கணுமா?"

அயோக்கியன். ஆனால் சொன்னது உண்மை.

பிப்ரவரி 23, திங்கள்

எடுக்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

லாத்ரப் பக்கத்தைக் கிழித்துப்போடப் போனேன். முடியவில்லை. மடித்து மருந்துக்கடை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

சுல்மிராவுக்கு இடம் கிடைத்துவிட்டது. விட்தான் செய்தி அனுப்பினார். "நம்ம வரி வேலை செஞ்சுடுச்சு. நாலு வருஷத்துல இவளையே இங்க நேர்காணல் பண்ண வச்சிடலாம்." சந்தோஷப்பட உட்கார்ந்தேன், முடியவில்லை. அழுகைதான் வந்தது, அதுவும் கோபத்தில்.

மார்ச் 30, திங்கள்

அடுத்த பருவத்துக்கு என் பெயரைச் சேர்க்கவேண்டாம் என்று எழுதிவிட்டேன். தங்கள் சேவைக்கு நன்றி என்று பதில் வந்தது, எல்லாருக்கும் போகும் அதே கடிதம்.

ஏப்ரல் 4, சனி

தன் அப்பாவின் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க சுல்மிரா கடைக்கு வந்தாள். என்னைக் கண்டதும் சிரித்தாள். அவள் சிரித்து இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். வரிசையில் வேறு யாரும் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன்.

அங்கே போனதும் உன் கோப்பைக் கேட்டு வாங்கிப் படி என்றேன். அதில் என் அறிக்கை இருக்கும், கடைசி வரி என்ன என்பதை நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். சொன்னேன். இழுப்பறையிலிருந்து லாத்ரப் பக்கத்தை எடுத்து, அந்த வரி எங்கிருந்து வந்தது என்றும் காட்டினேன்.

நின்று முழுக்கப் படித்தாள். சிரிப்பு போய்விட்டது. "எதுக்கு நன்றி? படிச்சது நான்தானே?"

ஆமாம் என்றேன்.

"அந்த வரி இல்லன்னா எடுத்திருக்க மாட்டாங்களா?"

தெரியாது என்றேன். அந்த வரியை நீக்கிவிட வாய்ப்பு இருந்தும் பயந்து விட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். காகிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள். "போகத்தான் போறேன். ஆனா அந்தக் கோப்பைக் கேட்டு வாங்குவேன்."

பிறகு மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டாள். பின்பு என்றேன்.

இந்தக் கவுண்டரில் ஒரு நாளைக்கு இருநூறு பேர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். எரிந்து விழுந்தவன்கூடச் சொல்லுவான். அவள் சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். போகட்டும், அடுத்தவருக்கு மருந்து எடுக்கப் போனேன்.