பாடுகளின் பழம்

மாப்ளே,

இன்று காலை பைக்காரா சாலையில் ஒரு படுகொலை நடந்தது. சுற்றுலா வேன் ஒன்று பின்னால் பார்க்காமல் திரும்பி, உன் கடை வாசலில் இருந்த பேஷன் ஃப்ரூட் கூடைமேல் ஏறி இறங்கியது. பட்பட்டென்று மண்டைகள் வெடிக்கிற சத்தம். ஊதாத் தோல் கிழிந்து, மஞ்சள் மூளை தார் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது. அந்தப் புளிப்பு வாசம் மூன்று மாநிலத்துக்கு வீசியிருக்கும். முதுமலை யானைகள் வரிசையாக நின்று தும்மியிருக்கும். பக்கத்துக் கடையில் தைலக் குப்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என் மூக்கு வழியாக நீ உள்ளே வந்தாய். வந்ததும் வழக்கம்போல் சண்டைக்கு நின்றாய்.

உன்னைச் சாதுவாக நினைத்துப் பார்க்க எவனாலும் முடியாது. பைக்காராவில் நீ ஒருவனை அறைந்தால் மேட்டுப்பாளையத்தில் பல் பொறுக்குவார்கள். உன் வலது கை அந்தக் காலத்திலேயே இருந்திருந்தால் இங்கே அணையே கட்டியிருக்க மாட்டார்கள்; கரண்ட்டை அதிலிருந்தே எடுத்துக்கொண்டிருப்பார்கள். தைலம் விற்கிறவன் வாயில் எல்லாம் கொஞ்சம் பொங்கித்தான் வரும். ஆனால் பஸ் கண்டக்டர் ஒருவனின் தாடையை நீ பெயர்த்தது பொங்கியது அல்ல. அவன் மாதக்கணக்கில் கஞ்சி குடித்தான். உன் வீட்டுக்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது என் கடை முன்னால் வைத்து, என்னைச் சாட்சியாக நிறுத்தித்தான் சொன்னாள்.

“அண்ணா, நீங்களும் கேட்டுக்குங்க. இனி ஒருத்தன் மேல இவுரு கை பட்டுச்சுன்னா, அன்னிக்கே நானும் புள்ளையும் வண்டியேறிருவோம். அப்புறம் இந்த மலையே வந்து கூப்பிட்டாலும் திரும்ப மாட்டோம்.”

நீ தலையாட்டினாய். அன்றிலிருந்து கோபம் வந்தால் உன் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். போலீசும் நீயே, கைதியும் நீயே.

அந்தச் சமயத்தில்தான் பழத்தின் பெயர் உன்னைப் பிடித்தது. அதுவரை அது கடைப் பின்வேலியில் தானாக ஏறிக் கிடந்த ஒரு கொடி. பங்குச் சாமியார் ஒருநாள் அந்தப் பூவைப் பறித்து உன் கையில் கொடுத்துப் பெயர் வந்த கதையைச் சொன்னாராம். தென்னமெரிக்கக் காட்டில் ஸ்பெயின் நாட்டுச் சாமியார்கள் இந்தப் பூவைப் பார்த்து மண்டியிட்டார்களாம். நடுவில் நிற்கும் மூன்றும் ஆணிகள். அடியில் ஐந்து காயங்கள். சுற்றிலும் முள்முடி. கொடியின் சுருள் சாட்டை. பேஷன் என்றால் பாடு, ஏசு பட்ட பாடு. பழம் பூவிடமிருந்து பெயரை வாங்கிக்கொண்டது.

சாமியார் சொன்னதோடு போய்விட்டார். நீ விட்டாயா? வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரிடமும் சொன்னாய். ஸ்பூனை வாயில் வைத்த பெண்ணிடம் ஆணி எங்கே இறங்கியது என்று உள்ளங்கையைத் தொட்டுக் காட்டினாய். பாதிப் பழத்தோடு ஓடியவர்கள் எத்தனை பேர்!

எதிர்க்கடை சுந்தரம் சும்மா இருப்பானா? ‘காதல் கனி, புதுஜோடி ஸ்பெஷல்’ என்று பலகை மாட்டினான். ஒரே பழத்தை இருவரும் ஒரே ஸ்பூனால் சாப்பிட்டால் ஏழு ஜென்மத்துக்கும் பிரியமாட்டார்களாம். வாடகைக் குல்லாவும் கோத்த கைகளுமாக ஜோடிகள் அவன் கடையில் மொய்த்தன. உனக்கு விற்கவில்லை என்பதுகூட வலிக்கவில்லை. “செத்தவன் பேரை வெச்சு கூத்தடிக்கறான் மாமோய்” என்று பல்லைக் கடித்தாய். கைகள் பின்னால் போயின.

அது சீசன் உச்சம். ரோடு முழுக்க வண்டி. நீ ஒரு பூவைப் பறித்துக்கொண்டு நேரே சுந்தரத்தின் கடைக்கே போய், அங்கே நின்ற ஜோடிக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாய். பையன் முகம் வெளுத்தது. பெண் ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

“ஏய்யா, எங்கடையில வந்து எழவு சொல்றியா?” சுந்தரம் பாய்ந்து வந்து உன் கன்னத்தில் ஓர் அறை விட்டான். அந்த அறையில் பைக்காரா அருவி ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு விழுந்தது.

ரோடே மூச்சைப் பிடித்தது. சுந்தரத்துக்குப் பாடை கட்ட மூங்கில் எங்கே கிடைக்கும் என்று நான் மனதுக்குள் தேட ஆரம்பித்தேன். நீயோ பூவை வாயில் கவ்விக்கொண்டு கைகளைப் பின்னால் கட்டினாய். இரண்டாவது அடியில் பூ விழுந்தது. குனிந்து பார்த்து, “அந்த மூணும் ஆணிங்க” என்று ஜோடியிடம் சொன்னாய். மூன்றாவது அடி மூக்கில். “சுத்தி இருக்கறது முள்முடி.” நான் சுந்தரத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினேன், அவன் என்னையும் ஒட்டுப்புல்லாக இழுத்துக்கொண்டே அடித்தான். எடைக்கல்லை எடுத்து உன் வாயில் இடித்தான். உதடு இரண்டாகப் பிளந்தது. ஸ்வெட்டர் சிவந்தது. “சாட்டை…” என்று நீ சொன்னபோது சொல்லோடு ஒரு பல்லும் வந்தது. அவன் உதறியதில் உன் முதுகுப் பக்கம் போய் விழுந்த நான் உன் கைகளைப் பார்த்தேன். மணிக்கட்டில் நகம் இறங்கி அங்கேயும் ரத்தம்.

அப்போதுதான் உன் வீட்டுக்காரி மதியச் சோற்றோடு வந்தாள். தூக்குப்போசியைக் கீழே வைத்தாள். சுந்தரத்தின் கடையிலிருந்த அன்னாசி ஒன்றைக் கொண்டையைப் பிடித்துத் தூக்கினாள். சுழற்றிய வேகத்தில் சுந்தரத்தின் மூக்கு இடம் மாறியது. அவன் தன் கூடைகளின் மேலேயே மல்லாந்து விழுந்தான். இன்னொரு வீச்சில் பலகை கீழே வந்தது. மூன்றாம் முறை ஓங்கியபோது நான் அவள் காலில் விழாத குறை.

“தங்கச்சி! கை ஓங்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே!”

“அது இவுருக்குங்கண்ணா. எனக்கு நான் ஒண்ணும் சொல்லிக்கலை.”

நீ மண்டியிட்டு ரத்தத்தைத் துப்பிக்கொண்டிருந்தாய். அவளை நிமிர்ந்து பார்த்து, பிளந்த உதட்டோடு கேட்டாய்: “நான் கையை எடுக்கலை. பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்ப போக மாட்டியே?”

அவள் அன்னாசியைப் போட்டுவிட்டு உன் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். முந்தானையெல்லாம் ரத்தம். அந்த ஜோடி எப்போது ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட உன்னை எவனும் அடித்துக் கொல்லவில்லை. தூக்கத்தில் நெஞ்சு நின்றது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு சின்னச் சாவா என்று எனக்குக் கோபமே வந்தது. பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன் சுந்தரம். மூக்கு இன்றும் கோணல்தான். மூடுவதற்கு முன் உன் கைகளை மார்மேல் சேர்த்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். உன் வீட்டுக்காரி வெகுநேரம் அதையே பார்த்திருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“முன்னாடி கட்டிட்டாங்கண்ணா. பின்னாடி கட்டுனாத்தான் அவருக்குப் பழக்கம்.”

கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் அழும்போது நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

எனக்கும் கோபம் வருகிறது மாப்ளே. பேரம் பேசியே உயிரை எடுக்கிறவனைக் குப்பியால் அடிக்கத் தோன்றுகிறது. தோன்றிய கணமே கைகள் தாமாக முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன. “ஏனுங்க, போலீசு புடிச்ச மாதிரி நிக்கறீங்க?” என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிற பலம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. மணிக்கட்டில் இருக்கும் அந்தப் பிடி என்னுடையது அல்ல.