வானவில்லுக்குக் கீழே அப்பா

லேக் மார்க்கெட், கொல்கத்தா
20.3.2025

மாதவ்,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். போனை எடுத்தால் இரண்டு பேரும் கத்துகிறோம், ஹம்சினி கேட்டுக்கொண்டே நிற்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்றாடம் பார்க்கும் இயற்கை நிகழ்வுகளை மூன்றாகப் பிரித்து ஒரு சார்ட் எழுதி வரச் சொன்னார்கள் பள்ளிக்கூடத்தில். உங்கள் மகள் ஒரு வாரம் பால்கனியே கதியென்று கிடந்தாள். தினமும் வருபவையில் சூரியோதயம், கங்கையில் ஏறி இறங்கும் தண்ணீர். பருவத்தில் வருபவையில் டிசம்பர் மூடுபனி, சித்திரை வெயிலில் சாயங்காலம் அடிக்கிற கால்பைசாகிப் புயல். எப்போது வரும் என்று சொல்ல முடியாதவையில் நிலநடுக்கம், ஆலங்கட்டி மழை, வானவில். வானவில்லுக்குக் கீழே 'அப்பா'.

டீச்சர் அதைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்து ஃப்ளாட் வங்காளி மாமி, மித்ரா காக்கீமா, பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏன்டி இப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: "யாராலயும் வரவழைக்க முடியாது, யாராலயும் நிறுத்தவும் முடியாது. அப்படி இருந்தா நேச்சுரல்னு மிஸ் சொன்னாளே."

டிசம்பரில் வருகிறேன் என்றீர்கள். குழந்தை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றதுதான் மிச்சம். பிப்ரவரியில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பரீட்சைக்கு முந்தின நாள் அலிப்பூர் ஜூவுக்கு அழைத்துப் போனீர்கள். மறுநாள் காலை அவள் எழுந்திருப்பதற்குள் கிளம்பியும் போய்விட்டீர்கள். நாம் பிரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. எனக்காக எதையும் கேட்கவில்லை. ஒரு தேதி சொல்லுங்கள், அந்தத் தேதியில் வாருங்கள். முடியாதென்றால் முடியாது என்று அவளிடமே சொல்லிவிடுங்கள்.

மதுவந்தி


கோயம்புத்தூர்
28.3.2025

மது,

குழந்தையைத் தூண்டிவிட்டு சார்ட்டில் என் மானத்தை வாங்குகிற அளவுக்குப் போய்விட்டாயா? ஒன்பது வயசுப் பெண் தானாக இதை எழுதினாள் என்றால் நான் நம்பவேண்டும், அப்படித்தானே? இங்கே லீவு கேட்டால் மேனேஜர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். நான் ஒன்றும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. வேலை மாறியபோது கூட வா என்று கெஞ்சினேன். அலிப்பூர் ஆபீஸ், உன் அப்பா வாங்கிய ஃப்ளாட் என்று ஒட்டிக்கொண்டு இருந்தவள் நீ. இப்போது நான் மட்டும் குற்றவாளி.

அவள் என்னை வானவில்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். ஆசையில் வைத்திருக்கிறாள். அதுகூட உனக்குப் பொறுக்கவில்லை.

தமிழ்ப் புத்தாண்டு அன்று காலை அங்கே இருப்பேன். டிக்கெட் போட்டாயிற்று. அவளிடம் சொல்லிவிடு.

மாதவ்


கொல்கத்தா
16.4.2025

மாதவ்,

சொன்னேன். உங்களை நம்பி நான்தான் அவளிடம் சொன்னேன். அதற்காக என் மேலேயே எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

புத்தாண்டன்று பாயசமும் வேப்பம்பூப் பச்சடியும் வைத்து மூன்று இலை போட்டேன். பதினோரு மணிக்கு உங்களிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: 'இங்கே மழை, கிளம்ப முடியவில்லை.' இரண்டு நாள் முன்னாலேயே ரயில் ஏறியிருக்க வேண்டியவர், வந்து சேரவேண்டிய நேரத்தில் கிளம்ப முடியவில்லை என்கிறீர்கள். பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா? பாவம், மழையைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டீர்கள்.

ஹம்சினி அழுவாள் என்று பயந்தேன். அவள் மூன்றாவது இலையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பாயசம் இன்னும் கொஞ்சம் கேட்டாள். கோபமில்லையாடி என்றேன். "வானவில் வரலைன்னா யாராவது கோச்சுப்பாளா?" என்றாள்.

இத்தனை நாள் அவளுக்குப் பொறுமை அதிகம் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். உங்களை மனிதர் கணக்கிலேயே சேர்க்காததால்தான் கோபம் வரவில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கு நானும் உடந்தை. ஒவ்வொரு தடவையும் உங்களுக்காகக் காரணம் ஜோடித்துச் சொன்னது நான்தானே.

சாயங்காலம் கால்பைசாகி அடித்து ஓய்ந்தது. சார்ட்டை எடுத்து வரச் சொன்னேன். டீச்சர் சுழித்தது சரிதான் என்றேன். அப்பா மழை மாதிரி இல்லை, டிக்கெட் எடுப்பதும் கேன்சல் செய்வதும் அவர் கையால் செய்கிற காரியம் என்று சொன்னேன். அந்தச் சிவப்புச் சுழியின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள்:

"அப்போ வரணும்னு நெனச்சா வந்திருக்கலாமா?"

"வந்திருக்கலாம்."

"பின்னே ஏன் வரலை?"

வழக்கம்போல ஒரு காரணம் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, தெரியாது என்றேன். நீங்கள் வாங்கித் தந்த பென்சில் பாக்ஸைச் சுவரில் வீசி எறிந்தாள். பிறகு அழுதாள். நான் தடுக்கவில்லை.

இனி நான் எழுதமாட்டேன். உங்கள் விலாசத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன்.

மதுவந்தி


கொல்கத்தா
20.4.2025

அப்பா,

எனக்குத் தமிழ் எழுத ரொம்ப வராது. தப்பு இருந்தா சிரிக்காதே. சார்ட்டுல உன்னை அழிச்சிட்டு அங்கே மின்னல்னு எழுதிட்டேன். மிஸ் வெரி குட் போட்டா.

எனக்கு உன் மேலே ரொம்பக் கோபம். நீ ஏன் வரலை? நீயே எழுது, அம்மா சொல்ல வேண்டாம்.

மழைன்னு எழுதாதே. மழை இங்கே வந்துடுத்து.

ஹம்சினி