கரண்ட் போன நேரம்

அருவங்காடு
20 அக்டோபர் 2024

ஏனுங்க,

இங்கே நான், சக்தி, அத்தை மூவரும் நலம். உங்கள் நலத்தை நீங்கள் எழுதுவதில்லை என்றாலும் உங்கள் ஸ்பீக்கர்களின் நலம் வாரம் தவறாமல் தெரிந்துவிடுகிறது.

வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "ஒரு நிமிசம் அம்மணி, சோல்டரிங் அயர்ன் சூடாயிருச்சு" என்று ஒயர் பற்றவைக்க எழுந்து போய்விடுகிறீர்கள். நான் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உங்கள் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். இதைப் பாதியில் விட்டுப் போனாலும் திரும்பி வந்து படிக்கலாம்.

நாங்கள் இருவரும் அங்கே வர எடுத்த ஜனவரி ஒன்பதாம் தேதி விமான டிக்கெட்டை ஏப்ரலுக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டேன். நீங்கள் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சக்திக்கு இந்த மாதத்தில் இரண்டாவது முறையாக இளைப்பு. குன்னூரில் காட்டினோம். ஏழு மாதக் குழந்தை, குளிர் ஆகாது என்றார் டாக்டரம்மா. குன்னூர்க் குளிரே ஆகாத குழந்தையை நீங்கள் வின்னிபெக்கின் மைனஸ் முப்பதுக்குக் கூப்பிடுகிறீர்கள்.

இன்னொன்று. நீங்கள் அனுப்பிய போட்டோவில் சக்திக்கென்று சொன்ன அறையின் சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கிறது. குழந்தை எங்கே படுப்பாள்?

ஜூலையில் வந்தபோது தொட்டிலுக்கு மேலே நீங்கள் மாட்டிவிட்டுப் போன மைக் பெட்டியைச் சொன்னபடியே சக்தி தூங்கும்போது மட்டும் போடுகிறேன். சிவப்பு லைட் எரிந்தால் அப்பா கேட்கிறார் என்று அவளிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். ஆனால் மழை பிடித்ததிலிருந்து சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கரண்ட் போய்விடுகிறது, லைட்டும் அணைந்துவிடுகிறது. மகள் சத்தம் வரவில்லை என்று என்னைக் குறை சொல்ல வேண்டாம். மின்வாரியத்தைச் சொல்லுங்கள்.

எஸ்டேட்டில் இலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாலரை மணிக்குத் தெய்வம்மாக்கா வருகிறார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்த ஆள்தான், ஆனால் அவர் வந்த பிறகுதான் எனக்கு வாயே திறக்கிறது. நாள் முழுக்க அத்தையும் நானும் பேசுவது, "அடுப்ப அணைச்சியா?" "அணைச்சுட்டேனுங்க அத்தை." அவ்வளவுதான்.

பதில் எழுதுங்கள். டிக்கெட்டைப் பற்றி.

மனிஷா


வின்னிபெக்
27 அக்டோபர் 2024

அன்பு அம்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல தமிழ், மிளகாய்தான் கொஞ்சம் தூக்கல்.

முதலில் ஒரு சந்தோஷமான செய்தி. இங்கே ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் பழைய சாமான் விற்றார்கள். அங்கே ஒரு டேப் மெஷின் கிடைத்தது. பெரிய சக்கரம் இரண்டு வைத்தது, எனக்கும் மூத்தது. உள்ளே பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது. மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். நேற்றுச் சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆபீஸில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்க்கிற கண்ணுக்கு அது மருந்து.

அதைவிடப் பெரிய செய்தி. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தெரியுமல்லவா? பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு பதிவு கொண்டு வந்து போட்டுக் கேட்போம். இன்றைக்கு நான் நம் வீட்டைப் போட்டேன். தகர ஓட்டில் மழை, சக்தியின் மூச்சு, தூரத்தில் மலை ரயிலின் ஊதல், நீ பாத்திரத்தில் கரண்டி போடும் சத்தம், தெய்வம்மாக்காவின் முணுமுணுப்புத் தாலாட்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஆறு நிமிடம். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், காதில் மெஷின் வைத்திருப்பவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு முறை போடச் சொன்னார்கள். உன் சமையலறைக்கு வின்னிபெக்கில் கைதட்டல் கிடைத்தது, தெரிந்துகொள்.

தொட்டிலை ஹாலில் வைத்துக்கொள்ளலாம். சத்தம் எதிரொலிக்காமலிருக்க அந்த ஸ்பாஞ்ச் ஒட்ட எனக்கு மூன்று மாதமாயிற்று, பிய்க்க முடியாது. டிக்கெட்டையும் மாற்றுவதாக இல்லை. இந்த ஊரிலும் குழந்தைகள் பிறந்து வளரத்தான் செய்கின்றன. டாக்டரம்மா ஒன்று சொன்னால் நீ பத்தாக்கிப் பயப்படுவாய். அது உன் சுபாவம்.

கடைசியாக ஒன்று. பிள்ளை வேண்டியதில்லை, பிள்ளையின் சத்தம் போதும் என்கிற ஆள் நானில்லை. அப்படி வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்லித் திரியாதே. கேட்கச் சங்கடமாக இருக்கிறது.

சக்திக்கு முத்தங்கள்.

தரணி


அருவங்காடு
28 அக்டோபர் 2024

தரணி அவர்களுக்கு,

உங்கள் கடைசிப் பத்தியை ஐந்து முறை படித்தேன்.

"அந்த மனுசனுக்குப் புள்ள வேண்டியதில்லீங்க்கா, புள்ளையோட சத்தம் போதும்." இது நான் சொன்னது. போன வியாழக்கிழமை, நாலே முக்கால் மணிக்கு, சமையலறையில், தெய்வம்மாக்காவிடம். அத்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளறையில் படுத்திருந்தார்கள். சக்தி தூங்கிக்கொண்டிருந்தாள். தெய்வம்மாக்காவிடம் செல்போன் கிடையாது.

அப்போது கரண்ட் இல்லை. சிவப்பு லைட் எரியவில்லை. நான் பார்த்துவிட்டுத்தான் பேசினேன். தினமும் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன்.

உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வரியில் பதில் போடுங்கள்.

மனிஷா


வின்னிபெக்
30 அக்டோபர் 2024

மனிஷா,

ஒரு வரியில் சொல்லக்கூடிய விஷயமில்லை.

நம் ஊர்க் கரண்டைத் தெரிந்துதான் பெட்டிக்குள் பேட்டரி வைத்தேன். கரண்ட் போனாலும் மைக் வேலை செய்யும். இன்டர்நெட் இருக்காது, அதனால் அதுவரைக்கும் உள்ளே இருக்கும் கார்டில் பதியும். கரண்ட் வந்ததும் எனக்கு வந்து சேரும். லைட்டையும் பேட்டரியில் கொடுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று அதை மட்டும் நேர் லைனில் கொடுத்தேன். அவ்வளவுதான் விஷயம். வேவு பார்க்க வைத்ததில்லை. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

உண்மையில் கரண்ட் இல்லாத நேரத்துப் பதிவுதான் நல்ல பதிவு. பிரிட்ஜின் இரைச்சல் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை போட்டதெல்லாம் அந்த நேரத்தில் எடுத்ததுதான். உன் பேச்சை வெட்டிவிட்டேன், அந்த மரியாதை எனக்குத் தெரியும்.

ஆனால் நீ என்ன பேசினாய் என்பதை நீயே ஒரு முறை கேட்க வேண்டும். அக்டோபர் 16, புதன்கிழமை. "இந்தப் புள்ளையத் தேயிலப் பாத்தியில வெச்சுட்டுத் திரும்பிப் பாக்காம ரயிலேறிப் போயிரலாம் போல இருக்குதுங்க்கா." அதன் பிறகு பதினோரு விநாடி மௌனம். பின்னால் மழை. மிகத் தெளிவான பதிவு.

இதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. எந்தத் தாய் இப்படிப் பேசுவாள்? என் மகளை யாரிடம் விட்டு வைத்திருக்கிறேன்?

அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஜனவரி ஒன்பதாம் தேதி இரண்டு பேரும் வருகிறீர்கள். உனக்கு இஷ்டமில்லையென்றால் அம்மாவுடன் சக்தியை மட்டும் அனுப்பிவிடு, அம்மாவுக்கும் விசா இருக்கிறது. தகராறு செய்தால் அம்மாவுக்கும் உன் அப்பாவுக்கும் அதைப் போட்டுக் காட்டுவேன். அதற்கு மேலும் போக வேண்டி வந்தால், யாரிடம் குழந்தை இருக்க வேண்டும் என்று கோர்ட் கேட்டு முடிவு செய்யட்டும்.

யோசித்து எழுது.

தரணிதரன்


அருவங்காடு
17 நவம்பர் 2024

திரு. தரணிதரன் அவர்களுக்கு,

யோசித்து எழுதச் சொன்னீர்கள். பதினெட்டு நாள் ஆயிற்று.

முதல் மூன்று நாள் சாப்பிடவில்லை. குழந்தையைத் தூக்கும்போதெல்லாம், "எந்தத் தாய் இப்படிப் பேசுவாள்" என்ற உங்கள் வரி வந்து கையைத் தட்டிவிட்டது. பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிய பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்குள் வாயைத் திறக்கவே பயந்தேன். தெய்வம்மாக்காவிடம் சைகையில் பேசினேன். "என்னா தங்கச்சி, தொண்டை கட்டிக்கிச்சா?" என்று கேட்டார்.

நாலாம் நாள் ஒன்று தோன்றியது. நான் சொன்ன வார்த்தை உங்களிடம் இருக்கிறது, அதனால்தான் பயப்படுகிறேன். அதை நானே எல்லாரிடமும் சொல்லிவிட்டால் உங்களிடம் என்ன இருக்கும்?

முதலில் டாக்டரம்மாவிடம் போனேன். இந்த முறை குழந்தைக்காக இல்லை, எனக்காக. அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எத்தனை நாளாக, எப்படித் தூக்கம், குழந்தையை எப்போதாவது தனியாக விட்டேனா. இல்லை என்றேன். விடத் தோன்றியதற்கே அழுதிருக்கிறேன் என்றேன். பிள்ளை பெற்ற பிறகு நிறையப் பேருக்கு வருவதுதான், வைத்தியம் இருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, "நாளைக்கு மொத பஸ் எத்தன மணிக்குக் கண்ணு?" என்றார். மறுநாள் மத்தியானம் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கினார். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நாலு நாள் இருந்து குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில்வே லைன் வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

அத்தையிடம் சொல்லத்தான் எனக்கு நாளாயிற்று. உங்கள் அம்மா எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் என்னை ஒரு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதிலும் ஒரு மாதமாக விடிவதற்கு முன்னால் வந்து, ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு வளர்க்கத் தெரியவில்லை என்பதைத்தான் இப்படிச் செய்து காட்டுகிறார்கள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முந்தாநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, நான் தெய்வம்மாக்காகிட்ட ஒண்ணு சொன்னேனுங்க."

"தேயிலப் பாத்தி தானே?"

நீங்கள் முந்திக்கொண்டீர்கள் என்றே நினைத்தேன்.

"அவருங்க சொன்னாருங்களா?"

"அவன் எதுக்குச் சொல்றான்? செவுத்துக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். கண்ணத்தான் மூடியிருந்தேன், காதையுமா மூடியிருந்தேன்?"

"அப்ப ஒண்ணுமே சொல்லுலீங்களே அத்தை?"

"என்னத்தச் சொல்றது? தூக்கமில்லாத பொம்பள பேச்சு அது. உன்னத் தூங்க வெக்கோணும்னுதான் விடியக்காலம் புள்ளையத் தூக்கிட்டுப் போறேன். அதுக்கும் நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே. செரி, கெடக்குது போன்னு உட்டுட்டேன்."

வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. அதன் பிறகுதான் பெட்டியைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் உங்கள் கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "கரண்ட் போயிங்கூடவா?" "கூடத்தானுங்க அத்தை." "நாம் பேசினதுமா?" "எல்லாமேதானுங்க."

எழுந்து போய்ப் பெட்டியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார்கள். பேட்டரி இல்லை என்று நான் சொன்னதை நம்பவில்லை. "உள்ள கெடந்து அரிசி என்ன பேசுதுன்னு கேக்கட்டும்."

உங்களுக்கும் ஒன்று சொல்லச் சொன்னார்கள், அப்படியே எழுதுகிறேன். "ஏரோப்ளேன் ஏத்தி உடறதுக்கு எங்கிட்டப் புள்ளையும் இல்ல, காலும் இல்லன்னு எழுது. அவனுக்கு என்ன கேக்கோணுமோ அத எங்கிட்டக் கேக்கச் சொல்லு."

இனி உங்கள் கோப்பை யாருக்கு வேண்டுமானாலும் போட்டுக் காட்டுங்கள். ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள். அந்தப் பதினோரு விநாடிக்குப் பிறகு தெய்வம்மாக்கா பேசியதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள், அதை ஏன் எழுதவில்லை? "நான் மூணு பெத்தவ தங்கச்சி. மூணுலயும் ஒரு நாளாச்சும் அப்படி நெனச்சிருக்கேன். நெனச்சுட்டு எந்திரிச்சுப் போய்ப் பால் குடுத்திருக்கேன்." நான் போனேன். அதுவும் பதிந்திருக்கும். அந்தப் பதினோரு விநாடியும் மௌனமில்லை. அவர் என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அது உங்கள் மைக்குக்குக் கேட்டிருக்காது.

அதே வார்த்தையை அத்தையும் அதே நாளில்தான் கேட்டார்கள். மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து வந்தார்கள். நீங்கள் தனியாக எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொண்டீர்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சண்டையில் அதை எடுத்தீர்கள். இந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட, "அம்மணி, உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை. நான் திருப்பித் திருப்பி யோசித்தது இதைத்தான். ஒட்டுக்கேட்டதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. இதை முடியவில்லை.

ஜனவரி ஒன்பதாம் தேதி நாங்கள் வரவில்லை. ஏப்ரலிலும் வரவில்லை. டிக்கெட்டை என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கோர்ட்டுக்குப் போவதென்றால் போங்கள், டாக்டரம்மாவின் சீட்டுகளை நானும் எடுத்து வைத்திருக்கிறேன். மகளைப் பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள், கதவைச் சாத்த மாட்டேன். பெட்டி எதுவும் கொண்டு வராதீர்கள். போனை வாசலிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சக்திக்கு இளைப்பு குறைந்திருக்கிறது. கீழே இரண்டு பல் தெரிகிறது. நேற்றிலிருந்து புதிதாக ஒரு சத்தம் போடுகிறாள், போட்டுவிட்டுத் தானே சிரிக்கிறாள். அத்தை அதைச் சொல்லிக் காட்டினால் திருப்பிச் சொல்கிறாள். அது என்ன சத்தம் என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை.

மனிஷா