புடவை மடிக்கும்போது பேசியவருக்கு

'என்னங்க' என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய என்னவருக்கு,

உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் தி. நகர் கடை ஆட்கள் எல்லாரும் நம் மந்தைவெளி வீட்டுக்கு வந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் பாயில் உட்கார்ந்தார்கள். ஜவுளிக்கடையின் புடவை மாடிக்கு நீங்கள் மேனேஜராக இருந்த கதைகளை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். காபி கொடுத்துக்கொண்டே கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

"கஸ்டமர் எதிர்ல ஸார் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்ல டீச்சரம்மா" என்றாள் விற்பனைப் பெண் கஸ்தூரி. "ராத்திரி கடை மூடறப்போ, விரிச்சுப் போட்டதையெல்லாம் மடிக்கணும் இல்ல? ஸார் வந்து புடவையோட மறுமுனையப் பிடிச்சாருன்னா, ஏதோ சொல்லப் போறாருன்னு அர்த்தம். ஒவ்வொரு மடிப்பா மடிச்சுக்கிட்டே கிட்ட வருவாரு. கடைசி மடிப்புக்குள்ள நாங்களே எல்லாத்தையும் கொட்டிடுவோம்."

"கிட்ட வருவாரா?" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் புடவை ஒன்றையாவது நீங்கள் மடித்ததுண்டா?

எனக்குக் கிடைத்தது வேறு குரல். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிக்கும். "அந்த முனுசாமிக்குத் தலையில மூளையா, மொச்சைக்கொட்டையா?" குழாயில் தண்ணீர் வராவிட்டால் அதற்கும் சேர்த்து எனக்குத்தான் சத்தம். வகுப்பில் முப்பது பிள்ளைகளிடம் தேனாகப் பேசிவிட்டு, வீட்டில் பெற்ற பிள்ளை மேல் எரிந்து விழுகிற டீச்சர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தேனைக் குடித்தவர்கள் என் வீட்டுப் பாயிலேயே வந்து உட்கார்ந்து ருசி சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கஸ்தூரி விடவில்லை. ஒரு தீபாவளிக் கூட்டத்தில் அவள் கல்யாணப் புடவைப் பார்சலை ஆள் மாற்றிக் கொடுத்தாளாமே. மறுநாள் ராத்திரி நீங்கள் ஒரு நைலெக்ஸ் புடவையின் மறுமுனையைப் பிடித்து, "என்னம்மா ஆச்சு?" என்று மட்டும் கேட்டீர்களாம். இரண்டு பார்சலிலும் லட்சுமி என்றே எழுதியிருந்ததை அவள் சொன்னாளாம். அதற்கப்புறம் பேரோடு தெருவையும் எழுத ஆரம்பித்தார்களாம்.

கவுண்டரில் இருந்த முனுசாமி தலையாட்டினான். "ஸார் சொல்வாரு. 'ஏன் செஞ்சே'ன்னு கேட்டா பொய்தான் வரும், 'இன்னா ஆச்சு'ன்னு கேட்டா விஷயம் வரும்னு."

கையிலிருந்த டபராவைக் கீழே வைத்தேன். யார் சொன்ன வார்த்தைங்க அது?

பார்சல் மாறிய அந்த ராத்திரி நீங்கள் வீட்டில் கத்தியது எனக்கு மறக்குமா? "நாளைக்கு எல்லார் எதிர்லயும் நிக்க வெச்சு, ஏன் செஞ்சேன்னு கேக்கறேன் பாரு!" நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "ஏங்க, மூணாம் கிளாஸ் புள்ளைகிட்டகூட ஏன்னு கேட்டா பொய்தான் சொல்லும். என்ன ஆச்சுன்னு கேளுங்க, முழுக் கதையும் சொல்லும்" என்றேன். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தீர்கள். மறுநாள் ராத்திரிதான் அந்தப் புடவையைப் பிடித்திருக்கிறீர்கள். என் வார்த்தை தி. நகருக்குப் போய் ஸார் வார்த்தை ஆகிவிட்டது! உங்கள் குரல் அவர்களுக்கு, பேர் உங்களுக்கு, பூண்டு எனக்கு.

எல்லாரும் கிளம்பிய பிறகு முனுசாமி மட்டும் நின்றான். உங்கள் இடத்தில் இப்போது அவன்தான். ஓயாமல் கத்துகிறானாம். கஸ்தூரி எதிர்க்கடைக்குப் போகிறேன் என்கிறாளாம். ஆடித் தள்ளுபடிக்குள் ஆட்களைச் சரிக்கட்டாவிட்டால் பழையபடி கவுண்டருக்கே போ என்று முதலாளி அண்ணாச்சி சொல்லிவிட்டாராம். அவன் தலையிலும் நரை வந்துவிட்டது.

"ஸாருக்குக் கோவமே வராதா டீச்சரம்மா? எனுக்கு வந்துகினே கீது."

"வராம என்ன? பாதி நாள் உன் பேரைச் சொல்லித்தான் வரும்."

"என் பேரா?"

"மொச்சைக்கொட்டைன்னாரு."

அவன் வாயைப் பிளந்தான். அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அப்பால மறுநாளு எப்டி அவ்ளோ மெதுவா பேசுனாரு?"

"கத்தறதையெல்லாம் இங்கே கத்திடுவாரு. எதைச் சொல்லணும், எதை விடணும்னு நான் சொல்லுவேன்."

"அப்போ அந்த 'இன்னா ஆச்சு'..."

"என்னோடதுதான்."

சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றாவது என் பேரில் இருக்கட்டும்.

"நானும் ஊட்லயே கத்திட்றேன் டீச்சரம்மா. ஊட்டுக்காரி கீறாளே, கேட்டுக்குவா."

எனக்குச் சுருக்கென்றது. "அவகிட்ட வேண்டாம். ஞாயித்துக்கிழமை இங்கே வந்து கத்து" என்றேன்.

இப்போது ஞாயிறுதோறும் வருகிறான். கஸ்தூரியை, கேஷியரை, அண்ணாச்சியைக்கூடத் திட்டித் தீர்க்கிறான். பிறகு இருவரும் உட்கார்ந்து திங்கட்கிழமை சொல்ல வேண்டியதைப் பேசி வைக்கிறோம். போன வாரம் கஸ்தூரியே அவனிடம் வந்து, பட்டு அலமாரியில் கறையான் ஏறுகிறது என்று சொன்னாளாம். எதிர்க்கடைக்குப் போகிறவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள் இல்லையா? சந்தோஷத்தில் அதை அவன் எனக்கு இரண்டு தடவை சொன்னான்.

கிளம்பும்போது அவனிடம் ஒன்று கேட்பேன். "நேத்து வீட்டுல அவ என்ன சொன்னா?" முதல் இரண்டு ஞாயிறும் விழித்தான். போன வாரம்தான், "முட்டி வலிக்குதுன்னா டீச்சரம்மா" என்றான். "எந்த முட்டி?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை.

தெரிந்துகொண்டு வரும்வரை நான் விடப்போவதில்லை. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. தன் புருஷன் எவ்வளவு இனிமையாகப் பேசுவான் என்பதை, அந்தப் பெண் ஒரு நாளும் கடை ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது.

இன்னும் பொறாமை ஆறாத,
உங்கள் மனைவி